பாப்பம் அக்கா

மகனுக்குக் கலியாணம் சரிவந்தபோது அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி நகையைப் பற்றியது இல்லை, மண்டபத்தைப் பற்றியதும் இல்லை. "அம்மா, நாங்கள் கலியாணத்துக்குச் சொல்லுற ஆக்கள் எங்களுக்கு எப்பிடிப் பதில் சொல்லுறது?" என்று கேட்டான். இப்போதெல்லாம் அழைப்பிதழ் போனில் போகிறதாம். கீழே 'ஓம்' என்று ஒரு பெட்டி, 'இல்லை' என்று இன்னொரு பெட்டி. ஆட்கள் ஒன்றைத் தொட்டுவிட்டால் சமையல்காரனுக்குச் சொல்லிவிடலாமாம். நான் யோசிக்காமலே சொன்னேன். "மூண்டாவதா ஒரு பெட்டி போடு தம்பி. 'பாப்பம்' எண்டு."

அவன் சிரித்தான். கலியாணத்துக்குச் சொன்னால் யாராவது பாப்பம் என்பார்களா என்றான். நான் எழும்பிக் குசினிக்குள் போய்விட்டேன். ஒருவர் அப்படிச் சொன்னார். அவரில் எனக்கு நல்ல விருப்பம். ஆனால் அந்த விருப்பத்தோடு பயமும் சேர்ந்துதான் வரும்.

அப்போது நாங்கள் தர்மபுரத்தில் இருந்தோம். எங்கள் வேலிக்கு அடுத்த காணியில், எழுபத்தேழுக் கலவரத்துக்குப் பிறகு மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்த ஒரு குடும்பம் குடிசை போட்டிருந்தது. ஊர் பாப்பம் அக்கா என்று கூப்பிட்ட அவர், அவருடைய மனுசன், ஒரு மகன், ஒரு மகள். அந்த மனுசனுக்கும் ஒரு பெயர் இருந்திருக்கும். ஊருக்கு அவர் 'பாப்பம் அக்காவின் மனுசன்' மட்டும்தான்.

"கிணத்திலை தண்ணி ஊறியிருக்கோ அக்கா?" என்று கேட்டால் "பாப்பம்" என்பார். "நாளைக்கு மிளகாய் ஆய வருவியளோ?" என்றாலும் "பாப்பம்" தான். எங்கள் பேச்சில் அவர் முதலில் பழகிக்கொண்ட சொல் அதுவாகத்தான் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் கடைசிவரை மலைநாட்டுப் பேச்சு. ஆனால் அவரை நம்பிக் கெட்டவர்கள் ஒருவரும் இல்லை. "ஓம், விடிய வாறம்" என்று சத்தியம் பண்ணினவர்கள் போர்வைக்குள் கிடக்கிற நேரத்தில், பாப்பம் என்றவர் பனியோடு தோட்டத்தில் நிற்பார். வருவார். வருவேன் என்று மட்டும் சொல்லமாட்டார்.

எங்கள் ஊரில் அது சின்னக் குறை இல்லை. நாங்கள் வெளிக்கிடும்போதுகூட 'போறன்' என்று சொல்லாத சனம். போகிற ஆளும் "போட்டு வாறன்" என்று திரும்பி வருவதைச் சொல்லித்தான் படலையைத் தாண்டவேண்டும். அக்கா எத்தனையோ வருசம் எங்கள் வீட்டுக்கு வந்துபோனார், ஒருநாள்கூட அந்த 'வாறன்' அவர் வாயிலிருந்து வந்ததில்லை. "சரி புள்ள" என்பார், சேலைத் தலைப்பை இழுத்துச் செருகுவார், போய்விடுவார். கலியாணத்துக்குச் சொல்லப் போனால் கேட்கவே வேண்டாம். வராத ஆளும் "ஓம், கட்டாயம் வாறம்" என்று சொல்வதுதான் மரியாதை. ஒரு பெரிய தோட்டக்கார வீட்டம்மா குங்குமத்தை நீட்டி "வரவேணும்" என்றபோது அக்கா "பாப்பம்" என்றாராம். அந்த அம்மா அதற்குப் பிறகு இரண்டு போகம் அவருக்கு வேலை கொடுக்கவில்லை. வீட்டில் உலை வைக்க அரிசி இல்லாத நாட்களிலும் அக்கா போய் ஒரு 'வாறன்' சொல்லிச் சமாதானம் ஆகவில்லை.

அவரிடம் இன்னும் சில வழக்கங்கள் இருந்தன. எந்த வீட்டுக்குப் போனாலும் வாசலுக்குக் கிட்ட, வெளியைப் பார்த்தபடிதான் இருப்பார். நல்ல கதிரையை உள்ளே இழுத்துப் போட்டாலும் மாட்டார். செருப்பை வெளிப்பக்கம் திருப்பித்தான் கழற்றுவார். தன் குடிசைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடவிடமாட்டார், ஒரு கயிற்றால் சுருக்குப் போட்டிருப்பார். இழுத்தால் அவிழும். எல்லாவற்றிலும் எனக்கு அதிசயமாக இருந்தது, அவர்கள் நாலு பேரும் ஒரே கூரையின் கீழ் படுக்காததுதான். மகன் எங்கள் வீட்டு நெல் மூடை அறையில் வந்து படுப்பான். மகள் அங்கால் ஒரு சொந்தக்காரர் வீட்டில். "பாப்பம் அக்கா வீட்டைப் படம் பிடிக்கிறதெண்டால் மூண்டு கமரா வேணும்" என்று என் தம்பி பகிடி விடுவான். நாங்களும் சிரித்தோம். விசர், பைத்தியம் என்றும் சிலபேர் சொன்னார்கள்.

அப்போதுதான் எனக்குக் கலியாணம் பேசினார்கள். மாப்பிள்ளை விசுவமடு. நான் மூத்த பிள்ளை. அப்பாவுக்கு ஒரே ஒரு ஆசை, ஊரைக் கூட்டிச் செய்யவேண்டும். காடு வெட்டிக் குடியேறியபோது அவரை ஒருவருக்கும் தெரியாது. இப்போது தனக்கென்று ஒரு ஊர் இருக்கிறது என்று அவர் தன் கண்ணால் பார்க்கவேண்டும். பந்தல் நிரம்பாவிட்டால் அந்த மனிதர் செத்தே போயிருப்பார்.

ஆனால் காலம் கெட்டிருந்தது. அதற்குக் கொஞ்சநாள் முன்னர்தான் எங்கேயோ ஒரு செத்த வீட்டுக் கூட்டத்துக்கு மேலே ஆமி ஹெலிகொப்டர் சுட்டது என்று கதை வந்தது. எந்த ஊர், எத்தனை பேர் என்று ஆளுக்கு ஒரு மாதிரிச் சொன்னார்கள். உண்மையோ பொய்யோ, அந்தக் கதை வந்த நாளிலிருந்து உழவு மெசின் சத்தம் கேட்டாலும் அம்மா முற்றத்துக்கு வந்து மேலே பார்ப்பா.

அம்மாவுக்கு முழங்கால் வருத்தம். வீடு வீடாகச் சொல்லப் போக ஒரு சுமங்கலி துணை வேண்டும் என்று பாப்பம் அக்காவைக் கேட்டா. மலைநாட்டு ஆளையோ என்று இரண்டொரு சொந்தக்காரர் முகத்தைச் சுளித்தார்கள். அம்மா கவனிக்கவில்லை. அந்தப் பேச்சு நடந்தபோது நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க" என்றார் அக்கா. "எல்லாரையும் வரச் சொல்லாதீங்க."

"விசரோ பிள்ளை உனக்கு? கலியாண வீட்டுக்குச் சனம் வராமல் காகமோ வாறது?"

"வீட்டுக்கு ஒருத்தர் வந்தா போதுங்க. வர்றோம் வர்றோம்னு வாயால சொல்லவும் வேணாம்."

"வாயாலை சொல்லாமல்? பின்னை எப்பிடி எங்களுக்குத் தெரியிறது?"

அக்கா தட்டத்தில் அடுக்கியிருந்த வெற்றிலையைத் தொட்டார். "எத்தன பேர் வருவாங்களோ அத்தன வெத்தல எடுத்துக்கட்டும். ஒருத்தர்னா ஒண்ணு. வாய் பேச வேணாம்."

அம்மாவும் பயந்துபோய்த்தானே இருந்தா. இல்லாவிட்டால் இப்படி ஒரு புதுமைக்குச் சம்மதித்திருக்கமாட்டா. "வராத ஆக்கள் எடுக்காமல் விட்டால் அது கோவிச்சமாதிரி எல்லோ?" என்று ஒருக்கால் இழுத்தா. பிறகு சரி என்றா. அப்பாவுக்கு உண்மையைச் சொல்லவில்லை, சமையலுக்கு ஆள் கணக்குத் தெரியவேண்டும் என்று மட்டும் சொன்னார்கள். "உது நல்ல மூளை" என்று அப்பா மெச்சினார்.

இரண்டு பேரும் வெயிலுக்குள் நடந்தார்கள். அம்மா குங்குமம் கொடுத்து விசயத்தைச் சொல்வா. அக்கா பின்னால் நின்று "வீட்டுக்கு ஒருத்தர் போதுங்க, காலம் சரியில்ல" என்பார். அதையும் அவர் சொன்ன குரலுக்கு, பக்கத்தில் நின்ற அம்மாவுக்கே கேட்கவில்லை. வெற்றிலை விசயமோ அதைவிட மோசம். எங்கள் சனத்துக்கு ஒருவர் தட்டத்தை நீட்டினால் வீட்டுப் பெரியவர் மரியாதைக்கு ஒரு வெற்றிலை எடுப்பார், அவ்வளவுதான். குவித்து அள்ளினால் கண்டறியாதவர்கள் என்று நினைத்துவிடுவார்களே! எட்டுப் பேர் இருந்த வீட்டில் ஒன்று எடுத்தார்கள். பொல்லாத கூச்சக்காரர் ஒருவர் வெற்றிலையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிவிட்டுத் திரும்ப வைத்தார். குளத்தடியில் தனியாக இருந்த பல்லில்லாத கிழவர் மட்டும் ஒரு பிடி அள்ளினார். அவருக்கு இடிச்சுப்போட வேண்டியிருந்தது.

தட்டம் நிறைய வெற்றிலையோடு அவர்கள் திரும்பிவந்ததை அப்பா பார்த்தார். அவர் முகம் கறுத்துப்போனது. "ஒருத்தரும் வராயினமோ?" என்றார்.

"நல்லதுங்க ஐயா" என்றார் அக்கா. அவர் அப்படிச் சிரித்து நான் அதற்கு முன்னர் பார்த்ததில்லை.

"என்ரை பிள்ளையின்ரை கலியாணத்துக்குச் சனம் வராட்டி உனக்கு நல்லதோ?"

விடிந்ததும் அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். சொன்ன வீடு, சொல்லாத வீடு என்று ஒன்றும் விடவில்லை. வாசலில் நின்று கையைப் பிடித்துக் கெஞ்சியிருக்கிறார். "வீட்டைப் பூட்டிப்போட்டு எல்லாரும் வரவேணும்." திரும்பிவந்தபோது அவருக்கு இருபது வயது குறைந்திருந்தது. ஊர் முழுக்க ஒரே பதிலைத்தான் சொல்லியிருந்தது. நான் வேலிக் கதியாலைப் பிடித்துக்கொண்டு அதை அக்காவிடம் சிரித்துச் சிரித்துச் சொன்னேன்.

"எத்தன வீட்டுல புள்ள அப்படிச் சொன்னாங்க?"

"எல்லா வீட்டிலையும்தான். குடும்பத்தோடை கட்டாயம் வாறமாம்."

அவர் அப்படியே வேலியோரம் குந்திவிட்டார். "ஐயாவ அப்படிச் செய்ய வேணாம்னு சொல்லு புள்ள" என்றார். அதற்குள் எல்லாம் முடிந்துவிட்டதே. என் கலியாணத்துக்கு நீங்கள் வருவீங்கள்தானே என்று கேட்டேன். பதில் என்னவென்று உங்களுக்குத் தெரியும்.

கலியாணத்தன்று விடியக் காலையில் பார்த்தால் அவரும் மனுசனும் பந்தலுக்கு மேல் பச்சைக் கொப்புகளை வெட்டிவெட்டிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளே கட்டியிருந்த வெள்ளைத் துணி மேலே இருந்து பார்த்தால் தெரியக்கூடாதாம். பந்தல் வடிவு கெட்டுப்போகிறது என்று அப்பா சத்தம் போட்டார். அக்கா ஒன்றும் கேட்காதவர் மாதிரி இன்னும் நாலு கொப்பு எறிந்துவிட்டு இறங்கிப் போனார்.

சனம் வந்தது. அப்பா கேட்டமாதிரியே வீட்டைப் பூட்டிவிட்டு வந்தது. இருக்க இடமில்லாமல் ஆட்கள் வேலிக்கு அங்காலும் நின்றார்கள். அப்பா பந்தலுக்குள் வேட்டி தடுக்கத் தடுக்க ஓடித்திரிந்தார். மணவறையில் இருந்த எனக்குப் பந்தல் இடைவெளியால் மிளகாய்த் தோட்டத்து வரம்பு தெரிந்தது. அந்த வரம்பில், வெயிலில், ஒரு மண்ணிறச் சேலை குந்திக்கொண்டிருந்தது. அவர் எங்களைப் பார்க்கவில்லை. தலையைச் சரித்துக் காதை வானத்துக்குக் கொடுத்திருந்தார். மாப்பிள்ளை பக்கத்தில் இருக்கிறார், ஐயர் மந்திரம் சொல்கிறார், என் கண் அந்த மண்ணிறச் சேலையை விட்டு வரமாட்டேன் என்கிறது.

கூறைச்சேலை மாற்றி வந்து இருந்தேன். ஐயர் தாலியை எடுத்தார். மேளகாரர் கெட்டிமேளத்துக்கு ஆயத்தமானார். வரம்பைப் பார்த்தேன், அக்காவைக் காணவில்லை.

அடுத்த நிமிசம் அவர் பந்தலுக்குள் நின்றார். ஒரு கூட்டத்துக்குள்ளும் கால் வைக்காத மனுசி சனத்தை இடித்துக்கொண்டு வந்து தவிலின் மேல் இரண்டு கையையும் போட்டு அமத்தினார். "நிப்பாட்டுங்க! சத்தம் வருது!"

தாலி கட்டுகிற நேரத்தில் மேளத்தை நிறுத்துவது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று சொல்லத் தேவையில்லை. மாப்பிள்ளையின் தாய் "ஆரிந்த விசரி?" என்று எழும்பிவிட்டா. மேளம் நின்ற அந்த அமைதியில்தான் எங்களுக்கும் கேட்டது. தூரத்தில், கிழக்குப் பக்கம், டப டப என்று.

சனம் முழுக்க ஒரே வாசலுக்குப் பாய்ந்தது. "ஒரே பக்கமா ஓடாதீங்க! பிரிஞ்சு போங்க! புள்ளைங்களப் பிரிச்சு அனுப்புங்க!" என்று அக்கா கத்தினார். முந்தி யாருக்கும் கேட்காத அந்தக் குரல் அன்றைக்கு ஊருக்கே கேட்டது. தென்னங்கிடுகு மறைப்பைக் கையால் பிய்த்து வழி விட்டார். அம்மாவை ஒரு பக்கமும் அப்பாவை மறுபக்கமும் தள்ளினார். என்னையும் மாப்பிள்ளையையும் கையைப் பிடித்துப் பிரித்து அவரை வாய்க்கால் பக்கம் விரட்டினார். என்னை மிளகாய்த் தோட்டத்துக்குள் இழுத்துக்கொண்டு போய் விழுத்தினார்.

கூறைச்சேலையோடு மண்ணில் முகத்தைப் புதைத்துக் கிடந்தேன். அது வந்தது. பந்தலுக்கு மேலே வட்டம் போட்டது. மிளகாய்ச் செடிகள் எல்லாம் சாய்ந்து என் முதுகில் அடித்தன. அம்மாவா, அப்பாவா, தம்பியா, இவர்களில் யார் மிஞ்சுவார்கள் என்றுதான் நினைத்தேன். கட்டாத தாலியைப் பற்றி ஒரு நினைப்பும் வரவில்லை. அது திரும்பவும் ஒருக்கால் பணிந்து வந்தது. பிறகு சத்தம் மெல்ல மெல்லக் குறைந்து போய்விட்டது. சுடவில்லை.

சனம் நாலு பக்கத்தாலும் திரும்பிவந்தது. மாப்பிள்ளை முழங்கால்வரை சேற்றோடு வந்தார். மேளகாரர் எங்கே ஓடினாரோ, வரவேயில்லை. நல்ல நேரம் முடிகிறது என்று ஐயர் அவசரப்படுத்த, மேளச் சத்தம் இல்லாமல் தாலி ஏறியது. எல்லாரும் வானத்தைப் பார்த்தபடி அறுகரிசி தூவி வாழ்த்தினார்கள். அதில் பாதி நிலத்தில்தான் விழுந்தது.

சுடாதபடியால் அக்காவுக்குப் பேச்சுத்தான் கிடைத்தது. சும்மா போன ஹெலிக்கு மங்கள காரியத்தைக் குழப்பினாள் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்கள். அப்பா மட்டும் அவர்களுக்கு நடுவில் எழும்பி நின்று, "அவள் சொன்னதை நான் கேட்டிருக்கவேணும்" என்றார். அடுத்தநாள் சாப்பாடு கட்டித் தந்து என்னைத்தான் அக்கா வீட்டுக்கு அனுப்பினார்.

அக்கா வாசலில் இருந்து அந்தச் சோற்றைச் சாப்பிட்டார். நான் கேட்காமலே சொன்னார்.

"எந் தங்கச்சி கல்யாணம் புள்ள. நாந்தான் வீடு வீடாப் போயி அழைச்சேன். எல்லாரும் கட்டாயம் வந்துர்றோம்னாங்க." ஒரு கவளத்தை உருட்டி வைத்தார். "வந்துட்டாங்க. ஒருத்தர் பாக்கியில்லாம வந்துட்டாங்க. எல்லாரும் ஒரே எடத்துல இருக்கோம்னு கலவரம் பண்ணுனவனுங்களுக்கும் தெரிஞ்சுபோச்சு. பந்தல்ல நெருப்பு வச்சானுங்க."

தண்ணிச் செம்பை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

"எங்க மேல கோவத்துல ரெண்டு மூணு வீட்டுக்காரங்க 'பாப்போம்'னாங்க. அவங்க வரல. அவங்கதான் இன்னைக்கும் இருக்காங்க."

பிறகு கையைக் கழுவிவிட்டு, சரி புள்ள, நல்லாயிரு என்றார். நான் விசுவமடுவுக்குப் போய்விட்டேன். அதற்குப் பிறகு எனக்கும் அந்த நோய் தொற்றியது. மனுசன் சந்தைக்கு வெளிக்கிட்டு "போட்டு வாறன்" என்றால் நெஞ்சு திக்கென்னும்.

மகன் பிறந்து முப்பத்தோராம் நாள் செய்கிற துடக்குக் கழிவுக்கு, தீட்டுக் கழிக்கிற சடங்குக்கு, நானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தம்பியோடு தர்மபுரம் போய் அக்காவுக்குச் சொன்னேன். அப்போது இந்திய இராணுவம் வந்து சண்டை திரும்பத் தொடங்கியிருந்த காலம். வழக்கமான பதிலை எதிர்பார்த்து நின்றேன். அக்கா என் பிள்ளையின் காலைப் பிடித்துப் பார்த்தார். பிறகு எங்கள் பேச்சில், எங்கள் மாதிரியே, "வாறன் புள்ள" என்றார்.

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. அந்த நாள் விடியக் காலையிலிருந்தே வெடிச்சத்தம். பாதையில் ஆட்கள் இல்லை. சொன்னவர்கள் ஒருவரும் வரவில்லை. மத்தியானம் போனது. நான் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு படலையையே பார்த்துக்கொண்டு இருந்தேன். ஏன் அந்தச் சொல்லைச் சொன்னார், ஏன் சொன்னார் என்று எனக்குள் அரற்றிக்கொண்டேயிருந்தேன்.

வெயில் சரிந்த நேரம் வேலிக்கு அங்கால் ஒரு மண்ணிறச் சேலை தெரிந்தது. காட்டு வழியால் நடந்து வந்திருக்கிறார். கால் முழுக்க முள்ளுக் கீறல். நான் ஓடிப்போய்க் கட்டிக்கொண்டு அழுதேன்.

"ஏனக்கா அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"சொல்லிப் பாத்தேன் புள்ள. எத்தன நாளைக்குத்தான் ஒரு வார்த்தைக்குப் பயந்துக்கிட்டு இருக்கிறது." சிரிக்கப் பார்த்தார். முடியவில்லை. "வழி பூரா செத்துச் செத்துத்தான் வந்தேன். இனிமே சொல்லமாட்டேன்."

வாசலுக்குக் கிட்ட இருந்து பிள்ளையை மடியில் வாங்கினார். தேத்தண்ணி குடித்தார். பொழுது படுமுன்னர் வெளிக்கிட்டார். படலையில் நின்று நான் கேட்டேன்.

"திரும்ப எப்பயக்கா வருவியள்?"

கேட்டுவிட்டு அவர் வாயையே பார்த்தேன். 'வாறன்' என்று மட்டும் வந்துவிடக்கூடாது என்று எனக்குத் தெரிந்த தெய்வத்தையெல்லாம் கும்பிட்டேன்.

"பாப்பம்" என்றார்.

அதற்குப் பிறகு நான் அவரைக் காணவில்லை. அடுத்த கிழமை தர்மபுரம் இடம்பெயர்ந்தது. அந்தக் குடிசை வெறுமையாகக் கிடந்தது, கதவுக் கயிறு அவிழ்ந்து தொங்கியது என்றார்கள். வவுனியாப் பக்கம் போனார்கள் என்று ஒருவர், வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனார்கள் என்று இன்னொருவர், திரும்ப மலைக்கே போய்விட்டார்கள் என்று வேறொருவர். நான் கேட்காத ஆள் இல்லை. ஆனால் ஒன்று இருக்கிறது. அவர் என்னிடம் கடைசியாகச் சொன்ன சொல் பாப்பம். பாப்பம் என்று சொன்னவர்கள் இருப்பார்கள் என்றுதானே அவர் எனக்குச் சொல்லித்தந்தார்.

மகன் குசினி வாசலில் வந்து நின்றான். போனில் மூன்றாவது பெட்டி போட்டுவிட்டானாம். "ஆனா அம்மா, பாப்பம் எண்டு சொல்லுற ஆக்களுக்குக் கதிரை போடுறதோ, விடுறதோ?"

"ஒண்டு போடு" என்றேன். "வாசலுக்குக் கிட்ட. வெளியைப் பாக்கிறமாதிரி."